ரோஷம் வரட்டும் என்று திட்டிய அம்மா: குடியாத்தத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண், வயது 12. மூன்று வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அம்மாவும் ஆயாவும் மனநல ஆலோசனைக்காக என்னிடம் அழைத்து வந்தார்கள். காலையில் எழுந்ததும் வயிற்று வலி வரும். பள்ளி மணி அடித்து ஒரு மணி நேரம் ஆனதும் குறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வருவதே இல்லை. குழந்தை மருத்துவர் பரிசோதித்துவிட்டு வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் வீட்டில் எல்லாரும் "நடிக்கிறா" என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவள் நடிக்கவில்லை. பயத்தையும் அவமானத்தையும் சொல்ல வார்த்தை கிடைக்காத வயதில் அவை வயிற்றைத்தான் முதலில் பிடிக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் வலி பொய்யாகிவிடாது. இதை அம்மாவிடம் சொல்லிப் புரியவைத்ததுதான் முதல் நாள் நடந்த உருப்படியான வேலை.

குடும்பத்தின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆளைக் கண்டுபிடிக்கக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மட்டும் மாற்றவில்லை. குடியாத்தத்தை விட்டுவிட்டால் இந்தக் கதை புரியாது.

பழைய வட ஆர்க்காட்டில் கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பேர்போன ஊர் குடியாத்தம். அந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் பெண்களின் மடியில் பீடி சுற்றும் முறம் இருக்கும். இந்தப் பெண்ணின் அம்மாவும் பீடி சுற்றுகிறவர். முந்தின நாள் ராத்திரி இலையை ஊறப்போட்டு, காலையில் அளவுத் தகடு வைத்துக் கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டாகக் கட்டி, சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அப்பா பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். சனிக்கிழமை ராத்திரி ரயிலில் வந்து ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடுவார். ஆயா, அம்மாவைப் பெற்றவர், அதே வீட்டில் இருக்கிறார். அவரும் வயதான காலம் வரை பீடி சுற்றியவர்தான்.

"நான் இல்லாம பூட்டா உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று பேத்தி ஒருநாள் சொன்னதாக ஆயா சொன்னார். இந்த மாதிரி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் கடந்து போகக் கூடாது. பெரியவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் நேராகவே கேட்டேன்: சாகணும்னு நினைச்சியா? அதுக்கு ஏதாவது செஞ்சு பாத்தியா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. அவளுக்கு அப்படித் திட்டம் எதுவும் இல்லை. யாருக்கும் தெரியாத ஊருக்குப் போய்விட வேண்டும் என்று மட்டும் இருந்தது. யாராவது தொட்டார்களா, மிரட்டினார்களா என்றும் கேட்டேன். இல்லை என்றாள். அதற்கப்புறம்தான் மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது.

வகுப்பில் நடந்தது

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றியத் தொழிலாளர் துறை வருடா வருடம் கல்வி உதவித்தொகை தருகிறது. பெற்றோரின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். கடைசித் தேதி நெருங்கிய ஒரு நாள், வகுப்பு ஆசிரியை, "பீடி சுத்துறவங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். சிலர் எழுந்தார்கள். இவள் எழவில்லை. ஆசிரியை பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"எங்கம்மா நர்ஸ், மிஸ்."

ஆறாம் வகுப்பிலிருந்தே தோழிகளிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, நைட் டியூட்டி என்றெல்லாம். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "அப்ப ஏன் உம்மேல பீடி நாத்தம் அடிக்குது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது.

மறுநாள் அம்மாவை வரச் சொன்னார்கள். வேலையைப் பாதியில் விட்டு, புடவையில் தூள் ஒட்டியபடியே வந்தார். மற்ற ஆசிரியர்கள் இருக்கும்போதே, "உங்க பொண்ணுக்கு உங்கள அம்மான்னு சொல்லிக்கவே வெக்கமா இருக்குதும்மா" என்றார்கள். அம்மா அந்த வராந்தாவிலேயே மகளை அறைந்தார். வீட்டுக்குப் போனதும் தெரு கேட்கத் திட்டினார். "என் மானத்த வாங்கிட்டாளே, பெத்த தாயவே மாத்திட்டாளே" என்று பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் போய் அழுதார். அடுத்த நாள் காலை வயிற்று வலி தொடங்கியது.

அந்த ஆசிரியை கெட்டவர் அல்ல. அந்தப் பணம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பிள்ளை எதை இழந்தாள் என்று யோசிக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை.

எங்கே தொடங்குவது

வீட்டார் எதிர்பார்த்தது இரண்டே விஷயம்: அவள் பொய் சொல்வதை நிறுத்த வேண்டும், பள்ளிக்குப் போக வேண்டும். அம்மாவிடம் ஏன் அப்படித் திட்டினீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் இன்னாத்துக்கு மேடம் திட்றேன்? அவ நல்லதுக்குத்தான். நாலு பேர் எதுர்ல கேட்டாத்தான் ரோஷம் வரும். சூடு சொரணை வந்தாத்தான் படிப்பா."

இந்த நம்பிக்கை இவர் ஒருவருக்கு மட்டும் உள்ளதில்லை. நம்மில் பாதிப் பேர் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். அவமானப்பட்டு வைராக்கியத்தோடு முன்னுக்கு வந்தவர்களின் கதைகளையே நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அதே அவமானத்தில் சுருண்டு போனவர்களின் கதை யார் வாயிலும் வருவதில்லை.

1971-இல் ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் முக்கியமான ஒரு வேறுபாட்டை எழுதினார். "நான் செய்தது தப்பு" என்று உணர்வது ஒன்று. "நானே தப்பான பிறவி" என்று உணர்வது வேறு. பின்னால் ஜூன் டேங்னி முதலானவர்கள் இதைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். முதல் வகை உணர்வு வந்தவர் செய்ததைச் சரிசெய்யப் பார்க்கிறார், மன்னிப்புக் கேட்கிறார். இரண்டாவது வந்தவர் ஒளிகிறார், மறைக்கிறார், இல்லையென்றால் கோபப்பட்டு அடுத்தவர் மேல் பழி போடுகிறார். ரோஷம் வரும் என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். இந்தப் பெண்ணின் பொய் ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம். அந்த இடத்தையும் இடித்துவிட்டு ஆளை வெளியே வா என்றால் எப்படி வருவாள்?

இன்னொன்றும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே வீட்டில், "நம்ம குடும்பத்துலயே இதுதான் அறிவாளி, இது நர்ஸாவும்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். புகழ்ச்சிதானே, அதில் என்ன கெடுதல் என்று தோன்றும். 1998-இல் கிளாடியா மியூலரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வில், சில வடிவப் புதிர்களை முடித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அப்புறம் கடினமான புதிர் கொடுத்தார்கள். எல்லாரும் சறுக்கினார்கள். பிறகு தங்கள் மதிப்பெண்ணை முகம் தெரியாத வேறு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்கள் "புத்திசாலி" கூட்டத்தில்தான் அதிகம். பட்டத்தைக் காப்பாற்ற ஒரு பொய் தேவைப்படுகிறது. இவளும் "நர்ஸ்" என்ற பட்டத்தை அம்மாவுக்குக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள்.

அம்மாவின் முறை

குடும்பத்தை உள்ளே வைத்துச் சிகிச்சை பார்ப்பது வேலூருக்குப் பழக்கமான விஷயம். பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தார் தங்குவது நெடுங்கால நடைமுறை. அதே வழியில், மகளை விட அம்மாவோடு அதிக நேரம் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தவரை இந்த நிகழ்வு திரும்பியது அங்கேதான்.

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஆயா மடியில் முறத்தை வைத்தார். ஜூனில் பள்ளி திறந்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பெயரை மட்டும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார். பள்ளிக் கூட்டத்தில் ஏதாவது படிக்கக் கொடுத்தால், "கண்ணாடி எடுத்துகினு வர்ல" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. சாயங்காலம் பீடி கொடுக்கப் போகும் இடத்தில், சரியில்லை என்று ஒதுக்கியதை எல்லார் முன்னாலும் ஒடித்துப் போட்டுத் திட்டுவார்களாம். வாயே திறக்காமல் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து மகளைத் திட்டுவாராம். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. "நான் வாங்கினத்த அவகிட்ட குடுக்கிறேன் இல்ல மேடம்" என்றார். நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை.

மகள் நர்ஸ் என்று பொய் சொன்னதும் அம்மா கண்ணாடி எடுத்து வரவில்லை என்று பொய் சொன்னதும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. அம்மா தன்னை மறைத்துக்கொண்டே இருக்கும் வீட்டில், மறைப்பதுதான் வழி என்று பிள்ளை கற்றுக்கொள்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளை மனசு திடமாக வளர வேண்டும் என்றால், கூட இருக்கும் பெரியவர் ஒருவராவது தன் குறையோடு ஒளியாமல் நிற்பதை அவள் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தோடு செய்ததெல்லாம் இந்த ஒன்றை நோக்கித்தான்.

எப்படிப் பேசுவது என்று வாக்கியங்களைப் பழக்கிப் பார்த்தோம். "நீ பொய்க்காரி" என்பதற்குப் பதிலாக, "நீ சொன்னது பொய், எனக்கு மனசு வலிச்சுது, இத எப்படிச் சரி பண்ணலாம் சொல்லு" என்று. அம்மாவுக்கு வாயில் வரவே இல்லை. "நாடகம் மாரி கீது மேடம்" என்றார். சரி, அதை விட்டுவிட்டோம். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினால் இருவருக்குமே தொண்டை அடைக்கிறது என்று தெரிந்தது. அதனால் ராத்திரி சமையலில் வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது, பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு பேசச் சொன்னேன். கோபம் தலைக்கேறினால் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வர வேண்டும், திரும்பி வந்து பேச்சை முடிக்கவும் வேண்டும். இது அவருக்கு ஒத்துவந்தது.

ஒருநாள் ராத்திரி துணி மடிக்கும்போது அம்மா தன் ஐந்தாம் வகுப்புக் கதையை மகளிடம் சொன்னார். கண்ணாடி விஷயத்தையும் சொன்னார். அப்புறம், "உன்ன அங்க வச்சு அடிச்சிருக்கக் கூடாது பாப்பா, தப்பு எம்மேலதான்" என்றார். இதைக் கேட்ட ஆயா கொதித்துப் போனார்: "பெத்தவ புள்ளகிட்ட மாப்பு கேப்பாளா? நாளைக்கு உன்ன மதிப்பாளா?" மகள் மதிப்பைக் குறைக்கவில்லை. மறுநாள் தானாக வந்து அம்மா பக்கத்தில் படுத்துக்கொண்டாள் என்று அம்மா சொன்னார். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையில் நடப்பதைப் படம்பிடித்து ஆராய்ந்த எட் டிரானிக், நல்ல உறவிலும் இருவரும் பாதி நேரம்கூட ஒத்துப்போவதில்லை என்று கண்டார். அறுந்ததை மறுபடி சேர்த்துக்கொள்வதுதான் குழந்தைக்குப் பலம் தருகிறது. அடித்ததை அழிக்க முடியாது. அடித்த பிறகு என்ன நடந்தது என்பது பிள்ளைக்கு அந்த அடியைப் போலவே நினைவில் நிற்கும்.

மகளோடு

"அம்மா செய்வது உழைப்பு, அதில் பெருமைப்படு" என்று நான் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. கூலி குறைவு, முதுகு வலி, நாள் பூராவும் புகையிலைத் தூள். அந்த வேலையைப் பிடிக்காமல் இருக்க அவளுக்கு முழு உரிமை உண்டு. அம்மாவுக்கே அது பிடிக்கவில்லை. வேலையைப் பிடிக்காமல் இருப்பதும் அம்மாவை வெறுப்பதும் ஒன்றல்ல என்று அவள் கண்டுகொண்டதே போதுமானதாக இருந்தது. "எனக்கு அம்மா புடிக்கும், அந்த வாசன புடிக்காது" என்று அவள் சொன்ன அன்று முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

வாசனைக்கு ஆலோசனை போதாது, ஏற்பாடு வேண்டும். ஒரே அறை வீடு. தூள் இருக்கும் மூலைக்குப் பக்கத்திலேயே சீருடை தொங்கியது. மூடி போட்ட பிளாஸ்டிக் டப் ஒன்று வாங்கி, சீருடையும் புத்தகப் பையும் அதில் போய், சமையல் பக்கம் இடம் மாறின. துவைத்ததைத் தெருப் பக்கம் காயப்போடாமல் மாடியில் காயப்போட்டார்கள். பிள்ளைகளின் அவமானத்தைப் பற்றிப் பேசும் பலர் இந்த மாதிரி விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். கிழிந்த செருப்பு, கட்டாத ஃபீஸ், கழிப்பறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாள். இவற்றைச் சரிசெய்யாமல் தன்னம்பிக்கை பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

அவமானம் வரும்போது உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டேன். காது சுடும், அப்புறம் தொண்டை அடைக்கும், அப்புறம் வயிறு என்றாள். காது சுடும்போதே மெதுவாக மூச்சை விட்டு, காலைத் தரையில் அழுத்தி நிற்கப் பழகினோம். யாராவது மறுபடி கேலி செய்தால் என்ன சொல்வாள் என்று பலவிதமாகச் சொல்லிப் பார்த்தோம். நான் சொன்னது எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவளாகத் தேர்ந்துகொண்டது: "ஆமா, எங்க வீட்ல சுத்துவாங்க. இப்ப இன்னா?"

பொய்யை வகுப்பு முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று அப்பா விரும்பினார். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னேன். ஒரே ஒரு தோழியிடம் மட்டும் உண்மையைச் சொல்வது என்று முடிவானது. சொன்னபோது அந்தத் தோழி, "எனக்குத் தெரியும்டி, எங்க பெரிம்மாவும் சுத்துவாங்க" என்றாளாம். அவ்வளவுதான்.

பள்ளியோடு பேசியது சுலபமாகவே முடிந்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைத் தலைமை ஆசிரியரிடம் நினைவுபடுத்தினேன். அவர் வாதாடவில்லை. இனி உதவித்தொகைப் படிவம் அலுவலக அறையில், பெற்றோர் வழியாக மட்டும் என்று மாற்றினார். அவளை முதலில் காலை இரண்டு பாடவேளை, அப்புறம் மதியம் வரை, அப்புறம் முழு நாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்குப் போக மறுக்கும் பிள்ளையை முழுதாகச் சரியானபின் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டிருந்தால் நாள் ஆக ஆகக் கஷ்டம்தான் கூடும். கொஞ்ச வலியோடாவது போகத் தொடங்குவதே நல்லது.

சறுக்கல்

அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மதிப்பெண் குறைந்தது. விடைத்தாளை டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவிட்டு, மதிப்பெண் அட்டையில் அம்மாவின் கையெழுத்தை அவளே போட்டுவிட்டாள். தெரிந்ததும் அம்மா அடித்தார். அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்து, எல்லாம் வீணாப் போச்சு என்று அழுதார்.

எதுவும் வீணாகவில்லை. இரண்டு நாள் கழித்து இருவரும் பேசி, அம்மா அடித்ததற்கு வருத்தம் சொல்லி, மகள் தானே வகுப்பு ஆசிரியையிடம் போய்க் கையெழுத்து விஷயத்தைச் சொன்னாள். முன்பு மூன்று வாரம் வீட்டில் முடங்கியவள் இந்த முறை ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. சறுக்காமல் இருப்பதை நான் முன்னேற்றத்தின் அளவாக வைப்பதில்லை. சறுக்கியபின் எத்தனை சீக்கிரம் ஆட்களிடம் திரும்பி வருகிறார்கள் என்றுதான் பார்க்கிறேன். ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும்: பொதுத் தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதை 2017-இல் தமிழ்நாடு அரசே நிறுத்திவிட்டது. ஆனாலும் மதிப்பெண்ணை வகுப்பில் வரிசையாக உரக்கப் படிக்கும் வழக்கம் பல இடங்களில் போகவில்லை. அவள் விடைத்தாளை ஒளித்த அன்று காலையும் அப்படித்தான் படித்திருக்கிறார்கள்.

வைகாசி

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே சொந்தக்காரர்களால் நிரம்பும். அப்பாவின் தங்கை வந்ததும் வராததுமாக எல்லார் முன்னாலும், "எங்க நம்ம நர்ஸம்மா பொண்ணு?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அம்மா கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, "அது முடிஞ்சு போன விஷயம். நானும் அவளும் பேசிக்கினோம், நீ விடு" என்றார். அதுவரை நாத்தனார் எதிரில் அவர் அப்படிப் பேசியதே இல்லை. பெண் முகம் சிவந்து மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து எல்லாருக்கும் இலை போட்டாள். அவளுக்கு வலித்தது. வலித்தும் வந்தாள்.

எனக்கு வியப்பைத் தந்தவர் ஆயா. பேத்தி மாடிக்குப் போனபோது பின்னாலேயே போய் உட்கார்ந்தாராம். ஒன்றும் பேசவில்லையாம். ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, சண்டை சூழ்ந்த வீடுகளில் வளர்ந்தும் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நல்லபடியாக வளர்ந்தார்கள். அவர்களுக்கு அம்மாவோ, பாட்டியோ, ஆசிரியரோ, விட்டுப்போகாத ஒரு பெரியவராவது இருந்தார். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று இன்னமும் வாதாடும் அதே ஆயா, மாடிப்படி ஏறினார். ஒருவர் கருத்தை மாற்றிவிட வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதை நான் அவரிடம் பார்த்தேன்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. வயிற்று வலி தேர்வு நாட்களில் எப்போதாவது வருகிறது, போகிறது. தோழிகளை இன்னும் வீட்டுக்கு அழைத்து வருவதில்லை, நாங்கள் வற்புறுத்தவில்லை. பள்ளிச் சுற்றறிக்கை வந்தால் அம்மா, "எனக்குப் படிக்க வராது, நீ படி" என்று மகளிடம் கொடுக்கிறார். இரவில் தனியாக மனம் கலங்கினால் கூப்பிட டெலி மானஸ் 14416 எண்ணும், குழந்தைகளுக்கான 1098 எண்ணும் அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. அப்பாவோடுதான் வேலை பாக்கி. அடிக்காமல் வளர்த்தால் பயம் இருக்காது என்கிறார் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் உட்கார்ந்து பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், வருகிறேன் என்றிருக்கிறார்.